எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும்: வட மாசிடோனியாவில் ஐந்து நாள்

முதல் நாள், ஸ்கோப்யே

வர்தார் ஆற்றின் மேல் இருக்கும் பழைய கல்பாலத்தைக் கடக்க மெதுவாக நடந்தால்கூட ஐந்து நிமிடம் ஆகாது. தெற்குக் கரையில் கடைப் பலகைகள் எல்லாம் சிரிலிக் எழுத்து. வடக்குக் கரையில் பழைய கடைவீதியைத் தாண்டி மேட்டில் ஏறினால் அல்பேனிய மொழியில், லத்தீன் எழுத்தில் பலகைகள் தொடங்கிவிடுகின்றன. முதல் கரை சென்ட்டார் நகராட்சி, மேட்டுப்பக்கம் ச்சாயிர் நகராட்சி. ஒரே நகரம்தான். ஆனால் வீட்டு வரி கட்டப் போகிற கட்டடம் வேறு, மேயர் வேறு.

இந்தப் பயணத்தில் ஒஹ்ரித் ஏரிக்கரைத் தேவாலயங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நான் பார்க்க வந்தது இந்த ஊர் அலுவலகங்களைத்தான். 2001-இல் இந்த நாடு உள்நாட்டுப் போரின் வாசலில் நின்றது. இந்த நாட்டிலேயே சிறுபான்மையாக வாழும் அல்பேனியரின் கிளர்ச்சிக்காரர்களுக்கும் அரசுப் படைக்கும் ஆறு மாதச் சண்டை. அந்த ஆகஸ்ட் 13 அன்று ஒஹ்ரித் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டைப் பிரிக்கவில்லை, கூட்டாட்சி ஆக்கவும் இல்லை. அதிகாரத்தை நகராட்சிகளுக்கு இறக்கிக் கொடுப்போம், ஒரு நகராட்சியில் 20 சதவீதம் பேர் பேசும் மொழி அங்கே அலுவல் மொழி ஆகட்டும் என்று முடித்தார்கள். துப்பாக்கிச் சண்டைக்கு நகராட்சியில் முடிவு தேடிய ஒப்பந்தம் என்று படித்தபோதே, இதை நேரில் பார்க்க வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

இங்கே நகராட்சிக்கு மாசிடோனிய மொழியில் ஓப்ஷ்டினா என்று பேர், அல்பேனிய மொழியில் கோமுனா. நகரம் மட்டும் அல்ல, அதைச் சுற்றிய கிராமங்களும் சேர்ந்ததுதான் ஒரு ஓப்ஷ்டினா. தலைநகரில் அரசாங்கம், கீழே ஓப்ஷ்டினா, நடுவில் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. 2021 கணக்கெடுப்பின்படி நாட்டில் வசிப்பவர்கள் 18,36,713 பேர். அதற்கு 80 நகராட்சிகளும் ஸ்கோப்யே என்ற தனி அலகும். ஸ்கோப்யேவுக்குள்ளேயே அந்த 80-இல் பத்து இருக்கின்றன. மாநகர மேயர் ஒருவர், அவருக்கு அடியில் என்று சொல்ல முடியாமல் பக்கத்தில் பத்து மேயர்கள். எல்லாரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

மதியம் பேருந்து பிடித்து வடக்கே ஷூட்டோ ஒரிசாரி போனேன். ஊர்க்காரர்கள் ஷூட்கா என்கிறார்கள். 1963 ஜூலை 26 விடியற்காலை 5:17-க்கு நிலநடுக்கம் வந்து ஸ்கோப்யே தரைமட்டமானது. ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பழைய ரயில் நிலையத்தில் கடிகாரம் இன்றைக்கும் அந்த நேரத்திலேயே நிற்கிறது. வீடு இழந்த ரோமா மக்கள் பலர் நகரத்தின் இந்த ஓரத்தில் குடியமர்ந்தார்கள். 1996-இல் ஷூட்கா தனி நகராட்சி ஆனது. ரோமா மக்கள் பெரும்பான்மையாக இருந்து, தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் நகராட்சி. அலுவலகத்தில் ரோமானி மொழிக்கும் இடம் உண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடபகுதியிலிருந்து கிளம்பிப் போனவர்களின் மொழி அது.

சந்தையில் ஒரு பழக்கடைப் பெண்ணிடம் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சைகையில் கேட்டேன். "பானி?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவருடைய மகன், எட்டு வயது இருக்கும், நான் வாங்கிய ஆப்பிளை எண்ணிக் காட்டினான்: எக், துய், த்ரின், ஷ்தார், பஞ்ச்.

ராத்திரி தங்கியது ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்கார அம்மா சமையலறையில் மின்கட்டண ரசீதைப் பிரித்துக் காட்டினார். மின்சாரத்துக்கான தொகைக்குக் கீழே தனியாக ஒரு வரி, தெருவிளக்குக்கு நகராட்சிக் கட்டணம். "என் வீதியில விளக்கு எரியலைன்னா யார்கிட்ட போகணும்னு இந்த ஒரு வரி சொல்லிடுது" என்றார், அந்த வரியின் மேல் விரல் நகத்தை வைத்துக்கொண்டு. மகள்தான் ஆங்கிலத்தில் சொல்லித் தந்தாள். நான் கட்டிய வாடகையிலும் ஓர் இரவுக்கு 40 தெனார் சுற்றுலா வரி சேர்ந்திருந்தது.

இரண்டாம் நாள், கோஸ்டிவார்

மேற்கே போகும் பேருந்து. டெட்டோவோவில் அரை மணி நேரம் நின்றது. வண்ண மசூதியின் சுவர் ஓவியங்களை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன். செப்டம்பர் கடைசி. எந்தத் தெருவில் இறங்கினாலும் சிவப்புக் குடைமிளகாய் சுடும் வாசனை. குளிர்காலத்துக்கு ஐவார் என்ற துவையலைக் கிண்டி ஜாடியில் போட்டு வைக்கிறார்கள். வாசலில் தகர அடுப்பை வைத்து, மூட்டை மூட்டையாகச் சுட்டுத் தோல் உரிக்கிறார்கள். மாசிடோனியர் வீடு, அல்பேனியர் வீடு, துருக்கியர் வீடு எல்லா வாசலிலும் அதே புகை.

கோஸ்டிவார் நகராட்சிக் கட்டடத்தின் எதிரே ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 1997-இல் இந்தக் கட்டடத்தில் மூன்று கொடிகள் பறந்தன. அப்போதைய மேயர் ரூஃபி ஓஸ்மானி, மாசிடோனியக் கொடியோடு அல்பேனியக் கொடியையும் துருக்கியக் கொடியையும் ஏற்றினார். அரசியலமைப்பு நீதிமன்றம் கூடாது என்றது. அவர் இறக்கவில்லை. ஜூலை 9 அதிகாலை சிறப்புக் காவல்படை வந்து கொடிகளை இறக்கியது. கூட்டம் திரண்டது. மூன்று பேர் உயிர் போனது. மேயருக்கு முதலில் 13 ஆண்டுக்கும் மேல் சிறைத்தண்டனை, மேல்முறையீட்டில் ஏழு ஆண்டாகக் குறைந்தது. 1999-இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்.

டீக்கடையில் பக்கத்து மேசையில் இருந்த முதியவர் எனக்காகக் கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் ஆங்கிலம் கலந்து பேசினார். சுவிட்சர்லாந்தில் இருபது வருடம் கட்டட வேலை பார்த்தவர். "அந்தக் காலையில நான் இங்கதான் இருந்தேன். துணிதானே, ஒரு துணிக்காகவான்னு இப்ப கேக்கறாங்க. அப்ப அது துணி இல்ல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. செத்தவர்களை அவர் அறிந்திருந்தாரா என்று கேட்க நாக்கு வரை வந்தது, முழுங்கிவிட்டேன்.

2005-இல் கொடிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஒரு சமூகம் பெரும்பான்மையாக உள்ள நகராட்சியில் நாட்டுக் கொடியோடு அந்தச் சமூகத்தின் கொடியும் பறக்கலாம். அந்தச் சட்டமும் நீதிமன்றம் போய்த் திருத்தப்பட்டது. எட்டு ஆண்டுக்கு முன்பே அதை எழுதியிருந்தால் மூன்று குடும்பம் தப்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பிறகு உள்ளே போனேன். கூடத்தில் வரிசை. எனக்கு முன்னால் தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பாட்டி, கையில் மடித்த காகிதம். அல்பேனிய மொழியில் கேட்டார். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அல்பேனிய மொழியில் பதில் சொன்னார். அடுத்து வந்தவர் மாசிடோனிய மொழியில் கேட்டார், அதே பெண் மூச்சு மாற்றாமல் மாசிடோனிய மொழியில் பதில் சொன்னார். மூன்றாவது ஆள் துருக்கியில். துருக்கியர் இங்கே 20 சதவீதம் இல்லை. அதற்குக் கீழே உள்ள மொழிகளை ஏற்பதா என்று நகர்மன்றமே முடிவு செய்யலாம். கோஸ்டிவார் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டி படிவத்தை வாங்கிக்கொண்டு, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், தானே வாசித்துப் பார்த்தபடி வெளியே போனார். நான் இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்தப் பத்து விநாடி போதும்.

மூன்றாம் நாள், கிச்செவோ

கோஸ்டிவாரிலிருந்து ஸ்ட்ராஜா கணவாய் ஏறி இறங்கினால் கிச்செவோ. வழியெல்லாம் காடு. வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணாடியில் அடித்ததில் தூக்கம்.

இது கணக்கு மாறிய ஊர். 1991-இல் நாடு தனியானபோது மொத்தம் 34 நகராட்சிகள். 1996-இல் அதையே 123 துண்டாக்கினார்கள். துண்டுகளில் பல, சம்பளம் கொடுக்கவே வக்கில்லாத அளவுக்குச் சின்னவை. 2004-இல் ஒட்டவைத்து 84 ஆக்கினார்கள். ஒட்டவைக்கும்போதுதான் சிக்கல் எல்லாம். எந்தக் கிராமத்தை எந்த ஊரோடு சேர்க்கிறோமோ அதைப் பொறுத்து அந்த 20 சதவீதம் மாறும், பெரும்பான்மையும் மாறும். கிச்செவோ நகரில் மாசிடோனியர் பாதிக்கும் சற்று மேல். சுற்றியிருந்த சாயஸ், ஓஸ்லொமேய் கிராம நகராட்சிகளில் அல்பேனியர். இவற்றையும் ட்ருகோவோ, வ்ரானெஷ்டிட்சாவையும் சேர்த்தால் மொத்தத்தில் அல்பேனியர் பாதிக்கு மேல் ஆகிவிடுவார்கள். அதனால் இந்த இணைப்பை மட்டும் 2008 வரை என்று தள்ளி, பிறகும் தள்ளி, கடைசியில் 2013-இல் செய்தார்கள். எண்ணிக்கை 80 ஆனது அப்படித்தான். அந்த வருடத் தேர்தலுக்கு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள்கூட ஊர் திரும்பி வாக்களித்தார்கள். கிச்செவோவுக்கு முதல் அல்பேனிய மேயர் வந்தார்.

ஊரில் இறங்கி நடந்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு மருந்துக்கடைக்காரரின் பேச்சு மட்டும். மாசிடோனியர், ஐம்பது வயது. "எங்க அப்பாவுக்கு இது இழப்பு. எனக்கு வழக்கமாயிடுச்சு. என் பொண்ணுக்கு இது ஒரு விஷயமே இல்ல, அவ போறது ஜெர்மனிக்கு" என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் முகம் வாடியது. 2002-இல் 20 லட்சத்துக்கும் மேல் இருந்த நாடு இன்று 18 லட்சத்துச் சொச்சம். எல்லையை யார் பக்கம் வளைத்தாலும் உள்ளே இருக்க ஆள் வேண்டுமே.

நான்காம் நாள், ஸ்ட்ரூகாவும் வெவ்ச்சானியும்

ஒஹ்ரித் ஏரியிலிருந்து கரும் ட்ரிம் ஆறு புறப்படும் வாயிலேயே ஸ்ட்ரூகா உட்கார்ந்திருக்கிறது. பாலத்தில் நின்று குனிந்தால் அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரியும். 1960-களிலிருந்து ஆண்டுதோறும் இங்கே உலகக் கவிஞர்கள் கூடுகிறார்கள். தங்க மாலை என்று ஒரு விருது. 1983-இல் அதை வாங்கியவர் நம் இந்திக் கவிஞர் அக்ஞேய.

இந்த அழகான ஊர்தான் 2004 ஜூலையில் பற்றி எரிந்தது. புதிய எல்லைச் சட்டம் வெலெஷ்டா, டெலோகொஜ்தா, லபூனிஷ்டா நகராட்சிகளை ஸ்ட்ரூகாவோடு சேர்த்தது. சேர்த்த பின் மக்கள்தொகை 63,376, அதில் அல்பேனியர் சுமார் 57 சதவீதம். ஊரின் மாசிடோனியர் தெருவில் இறங்கினார்கள். கட்சி அலுவலகத்துக்கு வந்திருந்த பாதுகாப்பு அமைச்சரைக் கூட்டம் சுற்றி வளைத்தது. கண்ணீர்ப்புகை, கல்வீச்சு, காயம்பட்டவர்கள். தலைநகரிலும் அதே கோபம். அங்கே சராய் பகுதியை மாநகரோடு சேர்த்ததில் ஸ்கோப்யேவில் அல்பேனியர் பங்கு 20.5 சதவீதத்தில் வந்து நின்றது. அரை சதவீதம் கூடுதல், தலைநகரமே இருமொழி நகரம். தற்செயலாக வரைந்த கோடு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

சட்டத்தை ரத்து செய்யக் கையெழுத்து திரட்டி, நவம்பர் 7 அன்று நாடு முழுக்கப் பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். செல்லுபடியாக வாக்காளர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னால் அமெரிக்கா, கிரேக்கத்தின் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு, கிரேக்கம் ஏற்க மறுத்துவந்த மாசிடோனியக் குடியரசு என்ற பெயரிலேயே நாட்டை அங்கீகரித்தது. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கோடு அப்படியே நின்றது. 2005 ஜூலை 1 முதல் பள்ளிகள், மழலையர் பள்ளிகள், குடிநீர், கட்டட அனுமதி, சொத்து வரி எல்லாம் படிப்படியாக நகராட்சிகளின் கைக்கு வந்தன.

எனக்கு இந்த இடத்தில் மனம் ஒரு பக்கம் சாய மறுக்கிறது. கோஸ்டிவாரில் அந்தப் பாட்டிக்குக் கிடைத்த மரியாதை இந்தக் கோட்டால் வந்தது. இதே கோடு, ஸ்ட்ரூகாவில் ஒருவரிடமும் கேட்காமல் அவருடைய ஊரின் கணக்கை மாற்றி எழுதியது. மன்றத்தில் மொழி, பண்பாடு பற்றித் தீர்மானம் வந்தால் மொத்தப் பெரும்பான்மை மட்டும் போதாது, சிறுபான்மைச் சமூகங்களின் உறுப்பினர்களிலும் பாதிக்கு மேல் ஒப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நேற்று அல்பேனியரைக் காத்த அந்த விதி இன்று ஸ்ட்ரூகாவின் மாசிடோனியரைக் காக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்தார்களே, அதுதான் இந்தச் சட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

மதியம் வாடகைக்காரில் 14 கிலோமீட்டர் மேலே, யாப்லனிட்சா மலையடியில் வெவ்ச்சானி. முதலில் காதில் விழுவது தண்ணீர். ஊற்றுகள் பாறைக்கு அடியிலிருந்து பொங்கி, வாய்க்காலாகப் பிரிந்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. கையை விட்டேன், எலும்பு வரை குளிர்.

இந்தத் தண்ணீருக்காக 1987-இல் ஊரே சாலையில் படுத்தது. ஊற்று நீரைக் குழாய் போட்டுக் கீழே ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோக அதிகாரிகள் முடிவு செய்தார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் வழிமறித்தார்கள். ஆகஸ்டில் சிறப்புக் காவல்படை வந்து தடியால் அடித்தது. யூகோஸ்லாவியா முழுக்கப் பேசப்பட்ட வழக்கு அது. சில வருடத்தில் அந்த நாடே உடைந்தபோது, வெவ்ச்சானி தன்னை ஒரு குடியரசாக அறிவித்துக்கொண்டது. யாரும் ஏற்கவில்லை. இன்று அந்தக் குடியரசின் சிவப்புக் கடவுச்சீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறார்கள். நானும் வாங்கினேன். ஆனால் உண்மையான ஓப்ஷ்டினா என்ற தகுதியை அவர்கள் விடவே இல்லை. 2002 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 2,433. 2004-இல் இதைவிடப் பெரிய நகராட்சிகள் எல்லாம் ஸ்ட்ரூகாவில் கரைந்தபோது, வெவ்ச்சானி தனியாக நின்றது. இன்றும் அதற்குச் சொந்த மேயர், சொந்த மன்றம்.

ஊற்றுக்குப் போகும் வழியில் ஒரு பாட்டி வால்நட் காயவைத்துக்கொண்டிருந்தார். இங்கே பாட்டிக்கு "பாபா" என்று பேர். பேத்தி மொழிபெயர்த்தாள். 1987-இல் நீங்கள் சாலையில் படுத்தீர்களா என்று கேட்டேன். கையில் இருந்த வால்நட்டைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையைத் திருப்பி ஒரு தழும்பைக் காட்டினார். பிறகு என் கை நிறைய வால்நட்டைத் திணித்தார்.

திரும்பும்போது ஓட்டுநரை லபூனிஷ்டாவில் நிறுத்தச் சொன்னேன். வெவ்ச்சானிக்கு அடுத்த ஊர்தான். மாசிடோனிய மொழி பேசும் இஸ்லாமியர் அதிகம். இவர்களும் மாசிடோனிய மொழிதான் பேசுகிறார்கள், இவர்களுக்கும் 1996-இல் தனி ஓப்ஷ்டினா கிடைத்தது, வெவ்ச்சானியைவிட மக்கள்தொகையும் அதிகம். ஆனால் 2004-இல் போனது போனதுதான். ஓட்டுநர் லபூனிஷ்டாக்காரர். "அப்பல்லாம் பிறப்புச் சான்று வேணும்னா நடந்தே போயி வாங்கிடுவோம். இப்ப ஸ்ட்ரூகா போகணும். வண்டி இருக்கறவனுக்குப் பரவாயில்ல, எங்க அம்மாவுக்கு?" என்றார். அவர் சொன்னதில் இனமும் இல்லை, கொடியும் இல்லை. ஒரு அம்மாவும் ஒரு பேருந்தும்தான். இந்த ஊர் பற்றி நான் முன்னால் படித்த எந்தக் கட்டுரையிலும் அந்த அம்மா இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரவு மண்சட்டியில் சுட்ட அவரை, தாவ்ச்சே க்ராவ்ச்சே. பசியில் இரண்டு சட்டி.

ஐந்தாம் நாள், க்ரூஷெவோ

பிட்டோலா, ப்ரிலெப் வழியாக நாள் பாதி பேருந்திலேயே போனது. ப்ரிலெப்பிலிருந்து மேலே ஏறும் சாலை வளைந்து வளைந்து 1,300 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. இறங்கியதும் குளிர் காது மடலைக் கடித்தது.

1903 ஆகஸ்ட் 2, எலியாஸ் தீர்க்கதரிசி திருநாள் அன்று, உதுமானியப் பேரரசுக்கு எதிராக எழுச்சி வெடித்தது. க்ரூஷெவோவைப் பிடித்த கிளர்ச்சிக்காரர்கள் உடனே ஓர் ஊர் ஆட்சியை அமைத்தார்கள். நிகோலா காரெவ் என்ற பள்ளி ஆசிரியர் தலைமை. ஊரின் மூன்று சமூகத்திலிருந்தும் தலா 20 பேர், மொத்தம் 60 பேர் கொண்ட மன்றம். ஆள்தொகையில் யார் அதிகம் என்று பார்க்கவில்லை, மூன்றுக்கும் சமம். பத்தே நாள். பேரரசின் படை வந்து ஊரைக் கொளுத்தியது. மெச்ச்கின் காமென் என்ற இடத்தில் பிட்டு கூலி என்ற, இங்கே வாழும் ஆரோமானியச் சமூகத்துத் தலைவர் தன் ஆட்களோடு கடைசி வரை நின்று செத்தார். 1974-இல் குன்றின் மேல் கட்டிய மாகெதோனியும் நினைவுச்சின்னம் வெள்ளையாக, முள்முள்ளாக, பெரிய விதை ஒன்று மண்ணில் விழுந்து கிடப்பதுபோல் இருக்கிறது. அரை மணி நேரம் அதன் உள்ளே நான் மட்டும்தான்.

அந்தப் பத்து நாளைப் பற்றி யோசித்தபடியே கீழே இறங்கினேன். சுற்றிலும் படை வருகிறது என்று தெரியும். அந்த நிலையிலும் முதலில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை இடம் என்று பங்கிட்டிருக்கிறார்கள். நான்கு நாளாக நான் பார்த்துவந்த 20 சதவீதக் கணக்குக்கு முன்னால் அந்த 20, 20, 20 என் மனதில் மிகப் பெரிதாக நிற்கிறது.

இந்த ஊரில் ஆரோமானிய மொழி இன்றும் உண்டு. விளாக் மக்கள் என்று சொல்வார்கள், லத்தீன் வழிவந்த மொழி. அவர்கள் இங்கே பத்தில் ஒருவர்தான். 20-ஐத் தொடவில்லை. ஆனாலும் ஆரோமானியத்தை அலுவல் மொழிகளில் ஒன்றாக நகராட்சி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. முனையில் ஒரு ரொட்டிக்கடை. பாட்டி அடுப்புப் பக்கம், பள்ளிப் பையோடு பேரன் கல்லாவில். பள்ளியில் அவன் ஆரோமானியப் பாடம் விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறான் என்று பாட்டி பெருமையாகச் சொன்னார். நான் 100 தெனார் நோட்டு நீட்டினேன். அவன் மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான், பாட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே: உன், தொய், த்ரெய், பத்ரு. ஐந்தாவது காசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பாட்டி அடுப்பிலிருந்து திரும்பாமலே எடுத்துக் கொடுத்தார், "ட்சின்ட்சி."